கடற்கரைக்குக் கொண்டுபோன குப்பை

கனீஸ் பாத்திமாவுக்கு மனிதர்களையே பிடிக்காது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். அது சரியில்லை. அவளுக்கு எட்டாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகளைப் பிடிக்கும், இஞ்சி தட்டிப்போட்ட டீ பிடிக்கும், கடல் பிடிக்கும். மற்றவர்கள்தான் அவள் கண்ணுக்குக் காசுக்குப் பெறாதவர்கள். அதில் முதலிடம் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் கலைவாணனுக்கு.

கலைவாணன் தவளக்குப்பம் பக்கம் மனை வாங்கி விற்றுக் கொழுத்த பிறகு, கௌரவத்துக்காகப் புதுச்சேரி டவுனுக்குள் பள்ளிக்கூடம் திறந்தவர். படிப்பு என்றால் அவருக்கு ஃபிளெக்ஸ் பேனர். யோகா தினத்துக்கு ஒன்று, மரம் நடும் விழாவுக்கு ஒன்று, பிளாஸ்டிக் ஒழிப்புக்கு மட்டும் இரண்டு. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்துக் கட்டி, அதன் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்த மூஞ்சியைப் பார்த்தாலே பாத்திமாவுக்குக் குமட்டும். ஆனால் அவரிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகத்தைச் சுளிப்பாள். வீட்டுக்குப் போய்த் தம்பி ஆரிப்பிடம் கரித்துக் கொட்டுவாள். அத்தோடு சரி.

தம்பியையும் அவள் விட்டுவைத்ததில்லை. அவர்களுடைய அத்தா சிராஜுதீன் பெரிய மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர். குடம், வாளி, கேரி பேக், விசேஷ வீடுகளுக்குக் கப்பு. அந்த வருமானத்தில்தான் பாத்திமா விலங்கியல் படித்தாள். படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தக் கடையைத்தான் பழித்தாள். அத்தா மௌத்தான பிறகு கடை ஆரிப்பிடம் வந்தது. தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு அரசாங்கம் தடை போட்டபோது கப்புகள் முன் அலமாரியிலிருந்து பின் அறைக்குக் குடிபோயின. வேறொன்றும் மாறவில்லை.

"சட்டத்துக்குப் பயந்த மனுஷன் பாரு" என்று அவள் இடிப்பாள்.

"நீ பாடம் எடு அக்கா, நான் வியாபாரம் பண்றேன்" என்று ஆரிப் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் அவளுக்கு ஆகாது.

வகுப்பில் அவள் வேறு ஆள். கடலைக் காப்போம் என்று கத்த வைக்கமாட்டாள். ஒரு சனிக்கிழமை எட்டாம் வகுப்பு பி பிரிவை வைத்திக்குப்பத்துக்கு நடத்திக் கூட்டிப்போய், வலை உதறும் இடத்தில் நிறுத்தினாள். மீனோடு மீனாக பால் கவரும் ஷாம்பு சாஷேயும் வந்து விழுந்தன. ஒரு மீனைக் கீறியபோது வயிற்றுக்குள் நீலத்துண்டு ஒன்று இருந்தது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"பொறுக்கறது அப்புறம். வீட்டுக்குள்ள வர்றத நிறுத்துங்க, கடலுக்குப் போறது தானா நின்னுடும்" என்றாள். அவ்வளவுதான் அவள் பிரசங்கம்.

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அரியாங்குப்பத்திலிருந்து வரும் அபி. பாக்கெட் பால் வேண்டாமென்று தூக்கை எடுத்துக்கொண்டு மாட்டுக்காரர் வீட்டுக்கு நடந்தாள். கறிக்கடைக்கு எவர்சில்வர் டப்பா கொண்டுபோனாள். அவள் அம்மா சரிதா முதலில் முதுகில் இரண்டு வைத்தாள், பிறகு தானும் பழகிக்கொண்டாள். பார்த்துப் பார்த்து வகுப்பில் பாதிப்பேர் அதையே செய்தார்கள். ஊரில் உருப்படியாக நடந்தது இது ஒன்றுதான் என்று பாத்திமா நினைத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

செப்டம்பரில் கடற்கரைத் தூய்மை விழா வந்தது. அதில் ஒரு சிக்கல். பீச் ரோட்டை விடிவதற்குள் பெருக்கித் துடைத்துவிடுகிறார்கள். போன வருடம் வந்த சிறப்பு விருந்தினர் குனிந்து குனிந்து தேடிவிட்டுக் கடைசியில் ஒரு காய்ந்த சருகைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். இந்த வருடம் அந்த அவமானம் கூடாது என்பதற்கே ஒரு கூட்டம்.

"வைத்திக்குப்பம் பக்கம் போலாமே சார், அங்க நெஜமாவே குப்பை கிடக்கு" என்றாள் தலைமையாசிரியை வசந்தா.

"அங்க மீன் நாத்தம் அடிக்கும் மேடம். கெஸ்டு வெள்ளை ஷூ போட்டுட்டு வர்றாரு" என்றார் கலைவாணன். பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பை பிளாஸ்டிக் குப்பை கொண்டுவர வேண்டும். பி.டி. மாஸ்டர் அதை முன்கூட்டியே மணலில் பரப்பிவைப்பார். விருந்தினர் வந்ததும் பிள்ளைகள் பொறுக்குவார்கள். மூட்டை கனமாக உள்ள வகுப்புக்குக் கோப்பை. கொண்டுவராதவர்களுக்குச் சுற்றுச்சூழல் மார்க் கிடையாது.

எல்லோரும் தலையாட்டினார்கள். பாத்திமா தலையாட்டவில்லை, முகத்தை மட்டும் சுளித்துக்கொண்டாள். இந்த மூளை கெட்ட கூட்டத்திடம் என்ன பேசுவது என்பது அவள் எண்ணம்.

அன்று மாலை பாத்திமா போனபோது ஆரிப் கடையில் ஒரே கூட்டம். பள்ளிக்கூடத்துத் தாய்மார்கள்.

"கப்பு ரெண்டு பாக்கெட் குடுங்க பாய். வீட்டுல குப்பை அவ்வளவு சேரல. கொஞ்சம் மண்ணைப் பூசிக் குடுத்துவிடணும்" என்றாள் ஒருத்தி.

ஆரிப் பின் அறையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தான். "உங்க ஸ்கூல் மாதிரி வருஷத்துக்கு நாலு விழா நடந்தா நான் மாடி கட்டிடுவேன் அக்கா" என்றான். பாத்திமாவுக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் அபி மேசையருகே வந்து நின்றாள். "எங்க வீட்டுல குப்பை இல்லையே மிஸ். என்ன கொண்டாரட்டும்?"

"இல்லன்னா பெருமைப்படுடி. வெறுங்கையோட வா" என்றாள் பாத்திமா. வகுப்புக்கே அதைத்தான் சொன்னாள். மார்க்கைப் பற்றிக் கலைவாணனிடம் பேச வேண்டியவள் அவளேதான். அந்த ஆளின் அறைக்குள் போவதே கேவலம் என்று பேசாமல் விட்டாள்.

விழா அன்று பி.டி. மாஸ்டர் தலைமைச் செயலகத்துக்கு எதிர் மணலில் மூட்டைகளைக் கொட்டிக் கோலம் போடுவதுபோல் பரப்பினார். ஏ பிரிவு மூட்டை ஒன்றை மட்டும் பிரிக்காமல் கைவசம் வைத்துக்கொண்டார். விருந்தினர் வழக்கம்போல் நேரத்துக்கு வரவில்லை. மேல்காற்று எழுந்தது, கரையிலிருந்து கடலைப் பார்த்து. முதலில் கவர்கள் பறந்தன, பின்னாலேயே கப்புகள் உருண்டன. பிள்ளைகள் கத்திக்கொண்டு அலை வரைக்கும் ஓடினார்கள். பி.டி. மாஸ்டர் விசிலடித்துத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் மணல் துப்புரவாகிவிட்டது. கடலில் எல்லாம் வெள்ளைவெள்ளையாக மிதந்தது.

"போனா போவுது, அந்த மிச்ச மூட்டைய அவுத்துக் கொட்டுங்க" என்றார் கலைவாணன்.

விருந்தினர் வந்தார், கையுறை மாட்டி ஒரு கப்பைத் தூக்கினார், படம் எடுத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலை நாற்காலிக்கடியில் உருட்டிவிட்டார். கோப்பை ஏ பிரிவுக்கு. குப்பை கொண்டுவராத பிள்ளைகளின் பெயர்களைக் கலைவாணன் மைக்கிலேயே வாசித்தார். பி பிரிவில் பாதிப்பேர். அபி தலையைக் குனிந்துகொண்டாள். விருந்தினர் காரேறிப் போனார்.

நன்றியுரை எப்போதும் பாத்திமாவுடையது. யாரும் கேட்காத பேச்சு என்பதால் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் எழுதி வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டாள்.

"இங்க குப்பையே இல்ல. நாமதான் கொண்டாந்து கொட்டினோம். அது இப்ப கடல்ல மிதக்குது. கொட்டாத பிள்ளைங்களுக்குத்தான் மார்க் கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க. இது அசிங்கம். நானும் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன், அதுவும் அசிங்கந்தான்."

பேச்சு நின்றதும் பி.டி. மாஸ்டர் கையை உயர்த்தினார். மைக் ஓய்ந்தால் கைதட்ட வேண்டும் என்பது அவர் பழக்கிவைத்தது. பள்ளிக்கூடமே தட்டியது. போனில் பேசிக்கொண்டிருந்த கலைவாணனும் சத்தம் கேட்டுத் திரும்பி, புன்னகையோடு நாலு தட்டு தட்டினார். பி பிரிவும் தட்டியது. அபியும் தட்டினாள். இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்திருந்த வெறுப்பெல்லாம் பாத்திமாவுக்கு அந்த நிமிடம் தன் மேலேயே திரும்பியது. முன்பே கலைவாணன் அறைக்குள் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு காதாவது கேட்டிருக்கும்.

பஸ் அருகில் அபி வந்தாள். விருந்தினர் உருட்டிவிட்ட பாட்டில் அவள் கையில் இருந்தது. அதைப் புத்தகப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"அடுத்த வருஷத்துக்கு இப்பலேர்ந்தே சேத்துவைக்கறேன் மிஸ். பாலையும் பாக்கெட்லயே வாங்கச் சொல்லிடறேன் அம்மாகிட்ட."

"வேணாம்டி அபி. நான் மைக்ல பேசினது கேக்கலையா?"

"கேட்டனே மிஸ். நல்லா பேசினீங்க." அபி கொஞ்சம் தயங்கினாள். "மார்க் திருப்பித் தருவாங்களா மிஸ்?"

பாத்திமா கலைவாணன் நின்ற பக்கம் பார்த்தாள். அவர் பேனரைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அபி பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.