வட்டப்பாறையில் இரண்டு சத்தியம்

எனக்குப் பேசி முடித்த முதல் சம்பந்தம் தாம்பூலம் மாற்றிய பிறகு கலைந்தது. பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு என்று கோலியனூர் மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஓதிவிட்டார்களாம். எனக்கு வலிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கோலியனூர் போய்வந்தவள் என் சித்தி, அம்மாவின் ஓரகத்தி. அம்மாவுக்கு அது போதாதா? திண்டிவனத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை, என்னையும் பேசவிடவில்லை. தலைவாரி என்னை வளர்த்தவள் சித்தி. மாப்பிள்ளை போனதைவிட அவள் போனதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு சைவ மாநாடு கூடியது. எங்கள் தெருப் பெண்களெல்லாம் கிளம்பினோம். ரயிலில் அம்மா ஒரு ஜன்னல், சித்தி எதிர் ஜன்னல், நடுவில் நான். மறுநாள் காலை, மாநாட்டுக்கு வந்தவர்களைப் பக்கத்துக் கோயில்களுக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். முதலில் திருவாமாத்தூர். அங்கே வட்டப்பாறை என்று ஒரு கல் உண்டு. அதன்மேல் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் தப்பியதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அம்மா அதை நேரில் பார்த்ததில்லை.

சாமி கோயில் பிராகாரத்தில் சந்தனம் அப்பிய வட்டக் கல் ஒன்றைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு சித்தியிடம் முதல் பேச்சு.

"வைடி கைய. நீ சொல்லலன்னு சத்தியம் பண்ணு."

சித்தி தயங்கவேயில்லை. "இந்தப் பொண்ணப் பத்தி நான் ஒரு வார்த்த தப்பா சொல்லல" என்று கை வைத்தாள்.

அப்போது ஒருவர் சந்தனக் கட்டையும் சொம்புத் தண்ணீருமாக வந்து நின்றார். "கொஞ்சம் நவுந்துக்கோங்கம்மா, சாமிக்கு சந்தனம் அரைக்கணும். வட்டப்பாறை எதுத்தாப்ல அம்மன் கோயில்ல இருக்குது."

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தி சிரிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இது செல்லாதுக்கா. வா, அங்க போவலாம்."

சொன்னவள் விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "வேணாம்டி. பொய்க்காரியா இருந்தா இதான் சாக்குன்னு பஸ் ஏறியிருப்ப. நான்தான் புத்திகெட்டுப் பேசிட்டேன்." நடுத்தெருவில் நின்று அழுதாள்.

"அழுதுக்கினு நிக்காத, வா" என்று கையை விடுவித்துக்கொண்டு போன சித்தி, வட்டப்பாறையில் கை வைத்து, முன்பு சொன்னதையே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, "வர்ற தை முடியறதுக்குள்ள இவ கழுத்துல தாலி ஏறும். இதுவும் சத்தியம்" என்றாள்.

அம்மா பதறிப்போனாள். "அடிப்பாவி, அத ஏன்டி சொன்ன? ஏறலன்னா உனக்கு இன்னா ஆவும்?"

"ஏறணும்ல? அப்ப நீயும் என்னோட சேந்து மாப்ள தேடு."

தேடினார்கள். மல்லாட்டைக் கடலை அறுவடையைக்கூட அப்பாவிடம் விட்டுவிட்டு, இருவரும் ஊர் ஊராக ஒன்றாக அலைந்தார்கள். தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அம்மா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழச்சிட்டடி" என்றாள்.