முதுகு சொன்ன விடைகள்

எழுபதுகளிலேயே மெட்ராஸ்காரர்கள் டிவியில் வினாடி வினா பார்த்தார்களாம். எங்கள் கோவில்பட்டிக்கு எண்பதுகளில்தான் அந்தக் கொடுப்பினை, அதுவும் இலங்கை தயவில். மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஞாயிறு சாயங்காலம் கடல் தாண்டி ஒரு தமிழ் வினாடி வினா வரும். ஒரு கேள்வி, மூன்று விடை. சரியானதைச் சொல்ல வேண்டும்.

டிவி இருந்தது எங்கள் முதலாளி அண்ணாச்சி வீட்டில். அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் நான் மேஸ்திரி. ஆம்பளைகள் முன்னால், பொம்பளைகள் பின்னால் உட்காருவோம். பொம்பளைகள் பெட்டி ஒட்டுகிற வேலையையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். ஒட்டுவது தன் பெட்டிதான் என்பதால் அண்ணாச்சிக்கும் ஆட்சேபணையில்லை.

முதல் வாரமே என் மனைவி வாய்விட்டு ஒரு விடையைச் சொல்லிவிட்டாள். சரியான விடை. ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம், நானும்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒட்டின பெட்டியால் என் முதுகில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் முதல் விடை, இரண்டு என்றால் இரண்டாவது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லுவேன். பெட்டி காயவைக்க விரிக்கிற பழைய பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் அவள். நான் பேப்பரில் வடை மடித்துத் தின்றதோடு சரி.

"எப்படிவே இம்புட்டும் தெரியுது உமக்கு?" என்பார் அண்ணாச்சி.

"எல்லாம் படிப்புதான் அண்ணாச்சி."

"அது சரி, முதுகுல என்னவே பசை?"

அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில், டிவியில் வருகிற மாதிரியே மேடை போட்டு வினாடி வினா வைத்தார்கள். இரண்டு இரண்டு பேராகச் சேரலாம்.

"ஏங்க, நாம ரெண்டு பேரும் பேர் குடுப்பமா? ஒரே ஒருக்க நானும் வாயத் தொறந்து சொல்லுதேன்" என்றாள்.

கேட்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பது இன்றைக்கும் தெரியும். "ஊர் முன்னால நீ மேடையேறவா? நல்லாருக்கும்ட்டி" என்று சிரித்தேன். மானம் மரியாதை என்று ஏதேதோ சொன்னேன். அவள் மேடையேறினால் என் வண்டவாளம் தெரிந்துவிடும் என்பதுதான் நிஜம்.

அண்ணாச்சியும் நானும் ஏறினோம்.

"தேனீக்கு எத்தனை கண்? இரண்டா, நான்கா, ஐந்தா?"

முதுகைச் சற்று வளைத்துக் காத்திருந்தேன். பின்னால் வெறும் படுதா. "சொல்லும்வே" என்று அண்ணாச்சி இடித்தார். எதிரே பொம்பளைகள் வரிசையில், கன்னத்தில் மூன்று விரலை வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள். நன்றாகத் தெரிந்தது. மைக் முன்னால் நின்ற திமிரா, இங்கேயும் இவள் சொல்லித்தானா என்ற ரோஷமா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

"ரெண்டு!" என்றேன், மைக் அதிர.

மூன்றாவது விடைதான் சரியாம், ஐந்து.

"சாமி எல்லாத்துக்கும் ரெண்டுதானவே குடுத்திருக்கான்" என்று அண்ணாச்சி எனக்காக நடுவரோடு மல்லுக்கு நின்றார். ஊரே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: "மூணு வெரல் காட்டுனனே, பாக்கலையா?"

"கூட்டத்துல தெரியல."

"வெளிச்சம் நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வீட்டிலேயே ஒட்டிக்கொள்கிறேன் என்றுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. அண்ணாச்சி வீட்டிலும் விடை தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நாங்களே டிவி வாங்கினோம். வினாடி வினா வந்தால் நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவேன், அதுவும் சத்தமாக. திருத்துவாள், ஒரு தடவையாவது "மக்கு மனுசா" என்பாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

"அப்படியா" என்பாள். உலையில் அரிசி போட எழுந்து போய்விடுவாள்.