அடுத்த வருஷத்து அமாவாசை

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் மாட்டும் வழக்கம் இல்லை. திருத்தங்கலில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் காலண்டர் அச்சடித்துச் சாப்பிடுகிறவர்கள், மீதிப் பேர் பட்டாசு. நாள் முழுக்க அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்கு வந்தும் அதன் முகத்தில் விழிக்கணுமா என்று நான்தான் ஆணியைப் பிடுங்கிப் போட்டேன். எனக்கு அப்போது ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிற வேலை. கிழிக்கிற தாள் ஒவ்வொன்றிலும் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று அச்சுக்குப் போகுமுன் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் ஒரு கோளாறு உண்டு. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளியாகும், அன்றிலிருந்து ஆர்டர் குவியும். அதனால் சித்திரை வைகாசியிலேயே அடுத்த வருஷத்துத் தாள்கள் எங்கள் மேஜைக்கு வந்துவிடும். உட்கார்ந்திருப்பது இந்த வருஷத்தில், தலை இருப்பது அடுத்த வருஷத்தில். பக்கத்து வீட்டு அக்கா தைப்பூசம் என்றைக்கு என்று கேட்டால் வாய் தானாக அடுத்த வருஷத்துத் தேதியைச் சொல்லும். பிறகு ஏச்சு வாங்குவோம். எங்கள் பிரிவில் இருந்த எல்லாருக்குமே இந்த வியாதி இருந்தது.

கம்பெனி முதலாளிகள் அண்ணனும் தம்பியும். பங்கு பிரித்துக்கொண்டார்கள், மிஷின்களை விற்றார்கள், கட்டடத்தைப் பூட்டினார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், ம்ஹும். வேறு இடத்தில் உடனே கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு சீசன் போனது, இன்னொரு சீசனும் போனது, கிடைக்கவில்லை.

வேலை இல்லாத பெண்பிள்ளையை ஊர் வேலை இல்லாதவளாகவே கணக்கில் எடுப்பதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். "வீட்லதான இருக்கீக" என்பார்கள். கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்து காய் நறுக்கச் சொல்வார்கள். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலைவாய்ப்பு முகாம் நடந்தபோது போனேன். வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் என் மகள் வயசுப் பிள்ளைகள். மேஜைக்குப் பின்னால் இருந்த தம்பி நல்ல பையன்தான், கம்ப்யூட்டரில் டிசைன் போடத் தெரியுமா என்று கேட்டான். தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்றேன். அதற்குத் தனியாக ஆள் எடுப்பதில்லை மேடம் என்றான். கோபத்தோடு வெளியே வந்து, பஸ் ஏறாமல் வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் இருந்தவர். வெடிக்குப் போடும் மருந்தைக் கலக்குகிற அறை அது. தொழிற்சாலையிலேயே சம்பளமும் அங்கேதான் அதிகம், ஆபத்தும் அங்கேதான் அதிகம். ஒரு தடவை பக்கத்து அறையில் தீப்பிடித்து, இவர் தப்பித்து ஓடும்போது கையில் பட்டுவிட்டது. வலது முழங்கைக்குக் கீழே தோல் இன்றைக்கும் வேறு நிறம்தான். ஆஸ்பத்திரியில் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன், இனிமேல் அந்த அறை வேண்டாம், என் சம்பளத்தை வைத்துச் சமாளிப்போம் என்று. அவர் அதே கம்பெனியில் வேன் ஓட்டப் போனார். காலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். சம்பளம் குறைச்சல். ஆனால் நான் நிம்மதியாகத் தூங்கினேன். என் வேலை போனபோது அந்த ஏற்பாடும் ஆட்டம் கண்டது. அதை நாங்கள் இரண்டு பேருமே வாயால் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த ஆடியில் ஒரு சின்ன அச்சகத்துக்காரர் அடுத்த வருஷத்துத் தாள்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய ஆள் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டாராம். அடுக்களைத் தரையில் தாளைப் பரப்பி வைத்துக்கொண்டு, சோறு வேகிற நேரத்தில்கூட வாசித்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! சில நாளில் வேலை முடிந்துவிட்டது. அவருடைய ஆளும் குணமாகித் திரும்பிவிட்டார். ஆனாலும் அந்த மனுஷருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஏன் என்று பிறகு தெரியும்.

தீபாவளி வந்தது. மகளின் காலேஜ் செலவு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளை மூடிவிடுவார்கள், சில வாரம் கழித்து நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத் திறப்பார்கள். இவருடைய கம்பெனிக்குத் திறப்பு பூஜை கார்த்திகை இரண்டாம் வாரம் என்று குறித்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். ரசம் நல்லாருக்கு என்று சொல்வதுபோல, சிரித்த முகமாக.

"போர்மேன்கிட்ட பேசிட்டேன் புள்ள. தெறந்ததும் மருந்து ரூமுக்குப் போயிர்றேன்."

நான் கத்தினேன், தட்டை நகர்த்தி வைத்தேன், என்னென்னவோ பேசினேன். கடைசியில் அவர், அதற்குள் உனக்கு ஒரு வேலை கிடைத்தால் வேனிலேயே இருந்துகொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு காலம் கிடைக்காதது திறப்பு பூஜைக்குள் கிடைக்க வேண்டும். அன்றைக்கு ராகு காலம் எது, நல்ல நேரம் எது என்றெல்லாம் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அடுத்த நாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

நோட்டுப் புத்தகம் போடுகிற கம்பெனி, தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற இடம், சாத்தூரில் ஒரு சேவுக் கடை என்று அலைந்தேன். இருக்கன்குடி மாரியம்மனிடமும் போய் நின்றேன். அவள் முன்னால் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எம்புட்டு நாள்தான் பார்த்துக்கொண்டே இருப்பாய் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

வழி காட்டியது வேனில் வரும் பெண்கள்தான். கம்பெனி மூடிக் கிடந்த நாட்களிலும் அவரவர் ஊரில் எனக்காக விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். நேரில் பார்த்தது இரண்டு மூன்று பேரைத்தான், மற்றவர்களுக்கு நான் டிரைவர் சம்சாரம், அவ்வளவுதான். அப்படியும் இவருடைய போனுக்குச் சேதி வந்துகொண்டே இருக்கும். ஹாஸ்டலில் சமைக்க ஆள் கேட்கிறார்கள், பால்வாடியில் இடம் விழுந்திருக்கிறது என்று. பாதிக்கு மேல் உபயோகமில்லாத சேதி. ஒன்று மட்டும் பலித்தது. அவர்களில் ஒருத்தியின் அக்கா விருதுநகரில் ஒரு பாய் கடையில் மசாலாப் பொடி பாக்கெட் போடுகிறவள். அந்தப் பாய் லேபிள்களைச் சிவகாசியில்தான் அச்சடிக்கிறார், எழுத்தும் தேதியும் சரிபார்க்க நம்பிக்கையான ஆள் தேடுகிறார் என்றாள். என்னைப் பற்றி அந்த அக்கா சொல்லி வைத்தாளாம். கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள் காலையில் வரச் சொல்லுங்கள் என்றாராம் பாய்.

அமாவாசை எப்போது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நான் போய்க் கேட்பதா? கார்த்திகை நாலாந்தேதி. திதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதுகூடக் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஐந்தாந்தேதி போனால் பூஜைக்கு இன்னும் நாள் இருக்கும், தப்பித்தோம் என்று இவரிடம் சொன்னேன். தேதி விஷயத்தில் எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஐந்தாந்தேதி காலை பஸ் பிடித்து விருதுநகரில் இறங்கினேன். கடைக்குள் காலை வைத்ததுமே மிளகாய் நெடியில் தும்மல். பாய் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் தராசு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சேதியைச் சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அமாவாசைக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்றார். நேற்றுத்தான் அமாவாசை என்றேன். இல்லை என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வருஷக்கணக்காக நாங்கள் பார்த்துக் கொடுத்த தாளைத்தான் இந்த ஜில்லாவே கிழிக்கிறது, எனக்கா அமாவாசை தெரியாது என்று கேட்டுவிட்டேன். வேலை கேட்டு வந்தவள் பேசுகிற பேச்சா அது!

அவர் கோபப்படவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து, என்னையும் வரச் சொன்னார். தெருவுக்கு மேற்கே, எதிர்வரிசைக் கடைகளின் மாடிக்கு மேலே, வெளுத்துப்போன நிலா ஒன்று பகல் வெளிச்சத்தில் நின்றது. பாதி நிலாவைவிடப் பெரிசாக இருந்தது.

"நாங்க பிறை பாத்து நாள் எண்ணுற ஆளுக, தங்கச்சி. பௌர்ணமி போயி ஒரு வாரம்கூட ஆகல. இது தேய்ஞ்சு முடிய இன்னும் எம்புட்டோ நாள் இருக்கு."

காலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோதும் அதே நிலாவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. நான் சொன்னது அடுத்த வருஷத்து அமாவாசை. அடுக்களைத் தரையில் வாசித்த தாள். இந்த வருஷத்து அமாவாசை வருவதற்குள் திறப்பு பூஜை முடிந்திருக்கும், அவர் மருந்து அறைக்குள் போயிருப்பார்.

தும்மலோடு தும்மலாக அழுகையும் வந்துவிட்டது. அந்த மனுஷரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆடியில் வந்த தாள், பூட்டிய கம்பெனி, இவர் கை, போர்மேன், பூஜை, எல்லாம். இன்னும் பத்துப் பதினோரு நாள் கழித்து வந்தால் வேலை கிடைத்தும் பிரயோசனமில்லை என்றேன். பாய் கேட்டுக்கொண்டே நின்றார். மருந்து ரூமா என்று ஒரு தடவை மட்டும் கேட்டார். உள்ளே போய் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"லோடு ஏத்துற ஆளுக அமாவாசைக்கு வரமாட்டாக, கடை சும்மா கெடக்கும். மறுநாள்ல இருந்து புது ஆளுக்குச் சொல்லிக் குடுக்கத் தோதா இருக்கும்னுதான் அந்த நாளச் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல. இன்னிக்கே உக்காருங்க. ஆனா ஒண்ணு, எம் பாக்கெட்டுல அடுத்த வருஷத் தேதியப் போட்டுறாதீக."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வந்தது. பாக்கெட் போடுகிற அக்கா நான்தான் அந்த டிரைவர் சம்சாரமா என்று கேட்டு, மிளகாய் படாமல் முகத்தை மூடிக்கொள்ள ஒரு துண்டு கொடுத்தாள். சரியான நாளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தப்பான நாளைத் தலைக்குள் போட்டுவிட்டுப் போன அந்தச் சின்ன அச்சகத்துக்காரரை அப்போது மனதாரக் கும்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நடந்த கூத்தைச் சொன்னால் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த அறையை நினைத்தாலே எனக்குப் பயம் புள்ள என்றார். அத்தனை நாளும் சிரித்துச் சிரித்துப் பேசியதெல்லாம் என்னைப் பயப்படுத்தக் கூடாதே என்றுதானாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூஜை அன்றைக்கு வேனைக் கழுவிப் பொட்டு வைத்து ஓட்டிக்கொண்டு போனார். நான் கடை முடிந்து திரும்பியபோது வீட்டில் பொரியும் பழமும் இருந்தன. மருந்து அறைக்கு யாரைப் போட்டார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

"ஒருத்தர் வந்துட்டாரு. நம்ம வேன்லதான் ஏறுனாரு. நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டே வந்தாரு," என்றார்.

பொரியை வாயில் போட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவருக்குக் கல்யாணமாகிவிட்டதா என்றேன். ஆகிவிட்டது என்றார். அவருடைய சம்சாரம் வேலைக்குப் போகிறாளா, எதுவரை படித்திருக்கிறாள், நாளைக்கு மறக்காமல் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன்.