அந்தச் சின்ன ஊசி

என் வீட்டில் கறிவேப்பிலை போட்டுவைக்கும் வெள்ளை எனாமல் தட்டு, ஒருகாலத்தில் நான் நர்ஸாக இருந்த ராயபுரத்து ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையில் ஊசிகள் வைத்த தட்டு. விளிம்பு பெயர்ந்து கழித்துக்கட்டியபோது எடுத்து வந்துவிட்டேன். கழுவும்போதெல்லாம் எங்கள் மயக்க மருந்து டாக்டரின் முகம் வந்து நிற்கும். செத்தவரைத் திட்டக்கூடாதாம். நான் திட்டுவேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. தொண்டையில் குழாய் விடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் புது மருந்து வந்திருந்தது. நோயாளி தூங்கியதும் டாக்டர் அதைப் போடுவார். தோலுக்கடியில் உடம்பு முழுக்கத் தசை துடித்து அடங்கும். மறுநாள் கழுத்தும் முதுகும் அசைக்க முடியாமல் வலிக்கும். வேறொரு தளர்ச்சி மருந்தைத் துளியளவு முன்னதாகப் போட்டுச் சில நிமிடம் பொறுத்தால், அந்த வலி பெரும்பாலும் வராது. இதைப் படித்துவிட்டு எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். சொன்னாரே தவிர, ஒருநாளும் போட்டதில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலையில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாம்மா, மயக்கத்துல போட்டு என் வூட்டுக்காரரை அட்ச்சீங்களா? கழுத்தத் திருப்ப முடியாம கீறாரு.”

அவரும் விடவில்லை. “போலீஸு கையால அடி வாங்கினவன் நானு. இது அதே வலிதாம்மா.”

டாக்டரிடம் போய், அந்தச் சின்ன ஊசியை முதலில் போட்டிருக்கலாமே என்றேன். “மூட்டை தூக்குற உடம்புக்கு அதெல்லாம் எதுக்கு சிஸ்டர்? அதுக்காக நான் காத்துக்கிட்டு நிக்கணுமா?” என்றார்.

அன்று மாலை அந்த நோயாளியைப் பார்க்கத் துறைமுக மேஸ்திரி வந்தார். குணமாகும்வரை வேலையை அவருக்கே வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தவர். “வலியாவது ஒண்ணாவது, நாங்களே அவனை அடிச்சோம்ங்கிறான். வேலைக்கு வராம இருக்க நடிக்கிறான்” என்று டாக்டர் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. தையல் போட்ட வயிற்றோடு அந்த மனிதர் வியாசர்பாடியில் விறகு பிளக்கிறார் என்று பிறகு அவர் மனைவி வந்து அழுதாள்.

அடுத்த வருஷம் டாக்டருக்கே குடலிறக்கம். மயக்கம் கொடுக்க அவருடைய நண்பர் வந்திருந்தார். மேஜையில் படுத்தவர் என்னைக் கூப்பிட்டார். “சிஸ்டர், முதல்ல அந்தச் சின்ன ஊசி. மறந்துடாதீங்க.”

“மறப்பேனா சார்? மூட்டை தூக்காத உடம்பாச்சே.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அந்தக் கழுத்து நன்றாகத்தான் திரும்பியது. காபியில் சர்க்கரை குறைவென்று இரண்டு பக்கமும் ஆள் தேடினார்.

இப்போது கறிவேப்பிலை கிடக்கும் இந்தத் தட்டில் நான் முதன்முதலாக இரண்டு ஊசிகள் வைத்தது அவருக்குத்தான்.