ஆளுக்கொரு அணி

சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் நான் டிரில் டீச்சர். என் ஜோடி திருத்தணியில் நர்ஸ். தனித்தனியாக ஷட்டில் ஆடினால் இருவருமே சுமார்தான். ஜோடியாக இறங்கினால் ஜில்லாவில் எங்களை ஜெயிக்க ஆளில்லை. லீவு கிடைத்த சனிக்கிழமைகளில் விடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவாள். காற்று எழும்புவதற்குள் நாலு ஆட்டம் முடித்துவிடுவோம்.

ஆந்திர மாநிலம் பிறந்தபோது எங்கள் ஜில்லா அதோடு போயிற்று. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவர் விண்ணப்பத்தையும் நானே திருப்பதிக்குக் கொண்டுபோனேன். தேர்வுக் குழுவில் இருந்தவர் கேட்ட முதல் கேள்விக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

"மீரு அரவவாள்ளா?"

தமிழர்தான் என்றேன்.

"எல்லைத் தகராறு தீரட்டும்மா. இன்னிக்கி உங்கள எடுத்து, நாளைக்கி உங்க ஊரு மதராஸ் பக்கம் பூட்சின்னா?"

"அதுக்குள்ள எங்களுக்கு வயசாயிடும் சார்."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

மதராஸுக்கு எழுதினேன். உங்கள் விலாசம் ஆந்திராவில் இருக்கிறது, அங்கேயே கேளுங்கள் என்று பதில் வந்தது. வருஷா வருஷம் இதே கதை. "கர்த்தர் வழி காட்டுவாரும்மா" என்றார் நைனா. "அவருக்கு எந்த மாநிலமாம்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸுக்கு, சித்தூர் ஆந்திராவுக்கு. எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது, ஆளுக்கொரு அணியில்.

திருப்பதியில் இரு மாநிலங்களும் மோதின. எனக்கு ஜோடி ஒரு குண்டூர்ப் பெண். நல்ல ஆட்டக்காரி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வலைக்கு அந்தப் பக்கம் என் பழைய ஜோடி. நடு ஆட்டத்தில் ஒரு பந்து எங்கள் தலைக்கு மேலே பறந்தது. கோட்டுக்கு வெளியே விழப்போகிறது என்று தெரிந்ததும், பழக்கத்தில் "உடுடீ!" என்று கத்தினேன். குண்டூர்க்காரி அதை விடவில்லை, எட்டி அடித்தாள். விட்டது திருத்தணிக்காரி. மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். பந்து அவள் காலடியில் விழுந்தது.

கத்தி ஏமாற்றிவிட்டேன் என்று மதராஸ் அணி தகராறு செய்தது. நடுவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆருகிட்ட பேசினே?"

"என் ஜோடியாண்ட சார்."

"அந்தப் பொண்ணுக்குத்தான் தமிழே ராதே!"

அந்தப் புள்ளி செல்லாது என்றார். அந்தப் பக்கம் அவள் மட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் அருகில் வந்தாள். "கோச்சுக்கினியா?"

"இத்தினி வருசமா லெட்டர் எழுதினவ நானு. நீ சிரிச்சிக்கினு நிக்கிற."

"இத்தினி வருசமா பஸ்ல வந்துக்கினு இருந்தவ நானு. சிரிக்காம இன்னா பண்றது?"

ஆந்திராவுக்கு இன்னும் மூன்று வருஷம் ஆடினேன். ஒவ்வொரு வருஷமும் வேறு ஜோடி. ஒரே ஒரு தடவை அரையிறுதி வரை போனோம். திருத்தணிக்காரி அந்தத் திருப்பதி ஆட்டத்தோடு சரி. மறு வருஷம் மதராஸ் அணியில் பெயர் இருந்தும், ஆஸ்பத்திரியில் அவளுக்கு லீவு தரவில்லை.