முதலில் பூனைகளுக்கு மீன் வைத்தேன்

எனக்குத் தூண்டில் பைத்தியம். பின்னேரமானால் திருகோணமலை துறைமுகக் கரையில்தான் நிற்பேன். பிடிபடும் மீன் எங்கள் மூன்று பூனைகளுக்கு.

போன மாதம் ஒருநாள் அங்கே நிற்கும்போது மனைவி இரண்டு தரம் போன் எடுத்தாள். எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்பாள் என நினைத்து, சத்தத்தை நிறுத்தினேன். அந்த நேரம் பாரை மீன் ஒன்று தூண்டிலை இழுத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாசல் படலையிலேயே பூனைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மீனை அவித்து, முள் எடுத்து வைத்தேன். அவை தின்று முடித்த பிறகுதான் வீட்டில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

"தம்பி, அவவுக்குத் தொய்வு வந்து மூச்செடுக்க ஏலாமல் போட்டுது. ஆஸ்பத்திரியில விட்டிட்டு வாறன். என்ர மகள் பக்கத்தில நிக்கிறாள்."

ஓடினேன். கட்டிலில் கிடந்தவள் முகத்திலிருந்த மாஸ்க்கை விலக்கி, "பூனையளுக்குச் சாப்பாடு வச்சிட்டீங்களோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை.

இப்போது அவள் சுகம். தூண்டிலை நான் விடவில்லை. ஆனால் கரையில் என் போன் சத்தமாக அடிக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் ஏசுவார்கள். படலையைத் திறந்ததும் அவளைத்தான் கூப்பிடுகிறேன். பூனைகள் காலைச் சுற்றிக் கத்தும். அவள் பதில் சொல்லும்வரை மீன் பைக்குள்ளேயே இருக்கும்.