ராஜலட்சுமி மேடத்தின் கெட்ட வார்த்தைகள்

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நான் நம்பவில்லை. குத்துவிளக்குப் படத்துக்குக் கீழே, "இன்சொல் அன்றி வேறு அறியாத எங்கள் ராஜலட்சுமி மேடம் இன்று காலை இயற்கை எய்தினார்" என்று போட்டிருந்தார்கள். இன்சொல்லா? இது வேறு ஏதோ ராஜலட்சுமி என்று நினைத்து, அனுப்பியவருக்கே போன் செய்தேன். நம் மில்லில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவர்தான், பீளமேட்டு வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். மரணத்தை நம்பினேன். இன்சொல்லை இன்னும் நம்பவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காரமடை போகும் வழியில் இருந்த அந்த நூற்பாலையில் அவர் வாய்க்குப் பயப்படாத அதிகாரி கிடையாது. நான் பணியாளர் பிரிவில் விசாரணைகளைக் கவனித்தவன். சந்தேகப்படுவதே என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. பால்காரர் சிரித்தால்கூடத் தண்ணீர் கொஞ்சம் தாராளமோ என்று பாத்திரத்தைப் பார்ப்பேன். ராஜலட்சுமி வந்த புதிதில் அவரையும் அப்படித்தான் எடை போட்டேன். சொல்வளம் இல்லாதவர்கள்தான் வசவை வைத்து ஒப்பேற்றுவார்கள் என்பது என் எண்ணம்.

அவரோ காலை டீ வருவதற்குள் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை முடித்துவிடுவார். விடையை எங்காவது பார்த்துக்கொண்டு வருகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பழைய வார இதழிலிருந்து ஒரு புதிரைக் கிழித்து நீட்டினேன். அதையும் முடித்துக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க சார், சந்தேகம் தீந்துச்சுங்களா?" என்றார். இவ்வளவு தமிழ் தெரிந்தவர் ஏன் இப்படிப் பேச வேண்டும் என்று கேட்டே விட்டேன்.

"வார்த்தை பத்தாம திட்டறதில்லீங்க. இருக்கறதையெல்லாம் எடுத்துப் பாத்துப்போட்டு, ஒண்ணும் பொருந்தலீன்னாத்தான் திட்டறனுங்க. ஆத்தாளையும் சாதியையும் இழுக்காம ஒருத்தன நீங்க திட்டிப் பாருங்க. எத்தன வார்த்தை வேணும்னு அப்பத் தெரியும்."

அன்று மாலை பஸ்ஸில் மனதுக்குள் முயன்று பார்த்தேன். 'முட்டாள்' என்பதைத் தாண்ட முடியவில்லை.

பெண்கள் விடுதிச் சோற்றில் புழு கிடந்த நாளில், சமையல் ஒப்பந்தக்காரர் கும்பிட்டபடி வந்தார். முதலாளி வீட்டு உறவு என்பதால் எல்லோரும் அவரிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தோம். "அட நாதாரி, உன்ற ஊட்டு நாய்க்கு இந்தச் சோத்த வெப்பியாடா?" என்று மேடம் தட்டை அவர் முன்னால் வைத்தார். மறுநிமிடமே கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம், "அக்கா, அந்தப் பாத்திரத்தக் கொஞ்சம் எடுத்துடுங்க" என்றார். எனக்கு உடனே சந்தேகம். ஆள் பார்த்துத் திட்டினால் அந்தக் கோபம் நடிப்புதானே? கேட்டேன். "ஆள் பாத்துத்தானுங்க திட்டணும். திருப்பித் திட்ட முடியாதவங்களத் திட்டுனா அது திட்டு இல்லீங்க, அடி" என்றார்.

இனி கவிதாவின் விசாரணை. அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண். எல்லோர் முன்னாலும் தன்னைப் பச்சையாகத் திட்டினாள் என்று மேற்பார்வையாளர் புகார் கொடுத்திருந்தார். வேலையை விட்டு நீக்கி, கெட்ட பெயரோடு ஊருக்கு அனுப்புவதாக ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மேனேஜர், நான், ராஜலட்சுமி மூன்று பேர் உட்கார்ந்தோம்.

"எல்லாப் புள்ளைகளையும் அம்மணி, கண்ணுன்னுதானுங்க கூப்புடுவேன். ஒரு சுடுசொல் சொன்னதில்லீங்க" என்றார் மேற்பார்வையாளர். குரலில் தேன் வழிந்தது. எனக்கு அவரையும் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணை யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றும் தோன்றியது. திட்டியதை அவள் மறுக்கவில்லை.

ராஜலட்சுமி அவள் பக்கம் திரும்பினார். "நீ திட்டறதுக்கு முன்னால அவரு என்ன சொன்னாரு? முழுசாச் சொல்லு கண்ணு."

"மரியாதையாத்தானுங்க சொன்னாரு."

"அந்த மரியாதையையும் சேத்தியே சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஷிப்ட் முடிஞ்சதும் நம்ம ரூமுக்கு வந்துபோட்டுப் போங்க அம்மணி. எம்மனசு கோணாம நடந்துக்கிட்டீங்கன்னா, உங்களுக்கு நைட் ஷிப்டே போடமாட்டனுங்க. அப்படீன்னாருங்க. தெனமும் சொல்வாருங்க."

"நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்" என்றார் அவர். அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுக்காததை நான் கவனித்தேன்.

"சார், இவரு சொன்னத எழுதுங்க. பக்கத்துலயே இந்தப் புள்ள சொன்னதையும் எழுதுங்க. ரெண்டுல எது கெட்ட வார்த்தைன்னு மேனேஜர் சொல்லட்டும்" என்றார் ராஜலட்சுமி. மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். நான் இரண்டையும் எழுதினேன்.

கவிதாவின் வேலை தப்பியது. மேற்பார்வையாளரை வேறு ஆலைக்கு மாற்றி, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். அந்த வழியனுப்புக் கூட்டத்திலிருந்து எழுந்து போகும்போது ராஜலட்சுமி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதை அச்சில் போட விடமாட்டார்கள். அந்த ஆளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அவருடைய துணிச்சல் எனக்கு வராது. திட்டவும் வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கவிதாவிடம் அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். அவர் காரியம் முடிந்த வாரம், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகள் போன் செய்தாள். புது மேனேஜர் எப்படி என்று கேட்டேன்.

"ரொம்ப மரியாதையா பேசுவாருப்பா" என்றாள். குரல் சரியில்லை.

"என்ன பேசுவாரு? முழுசாச் சொல்லு கண்ணு."

மறுமுனையில் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கோவிச்சுக்காம கேப்பீங்களாப்பா?" என்றாள்.